பக்கத்துத் தெரு பள்ளிக்கும் வண்டிதானா?

இழுப்போடு வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி, "ஸ்கூலுக்கு எதில் போகிறான்?" என்பது. மதுரையில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விட்டுருவேன் டாக்டர், பக்கத்துலதான்." ஐஸ்கிரீமை நிறுத்தியிருப்பார்கள், போர்வையை வெயிலில் காயவைத்திருப்பார்கள். தினமும் இரண்டு வேளை போகிற வழியை மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

நெஞ்சக மருத்துவராக எனக்கு நீண்ட பயணங்களைவிட இந்த ஒரு கிலோமீட்டர் சவாரிகள் மேல்தான் வருத்தம் அதிகம். இன்றைய பெட்ரோல் வண்டிகளின் சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்ய கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அது சுமார் 250, 300 டிகிரிக்குச் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சின்னச் சவாரியில் அது சூடேறுவதற்குள்ளேயே கணிசமான தூரம் முடிந்துவிடும். 2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்த பிறகு வாங்கிய புது வண்டிக்கும் இது பொருந்தும்.

அப்புறம் பள்ளி வாசல். காலை எட்டரை மணிக்கு ஏதாவது ஒரு வாசலில் நின்று பாருங்கள். வேன்கள் இன்ஜினை அணைக்காமல் வரிசையாக நிற்கும். ஸ்கூட்டரின் முன்பக்கம் நின்றுகொண்டு வரும் யுகேஜி குழந்தையின் முகம், முன்னால் நிற்கும் வேனின் புகைக்குழாயிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் வேகமாக மூச்சு விடுகிறார்கள். மார்கழி, தை மாதக் காலைகளில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடப்பதால் அந்தப் புகை மேலே போகவும் வழியில்லை.

நுரையீரலின் ஆழம் வரை போகும் பிஎம் 2.5 நுண்துகளுக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது வெறும் 5. இரண்டுமே ஆண்டுச் சராசரி. பிள்ளை சுவாசிப்பதோ எட்டரை மணி வாசல் காற்றை.

"நடந்தால் இன்னும் புகை உள்ளே போகாதா?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய ரோட்டோரமாகவே நடந்தால் போகத்தான் செய்யும். ஆனால் புகை சாலையை விட்டு விலக விலகச் சட்டென்று குறையும். ஒரு தெரு உள்ளே தள்ளி நடந்தாலே வித்தியாசம் உண்டு. நம் ஊரில் சந்துகளுக்கா பஞ்சம்? சித்திரை வீதிகளில் வண்டிகளை நிறுத்திய பிறகு கோயிலைச் சுற்றி நிம்மதியாக நடக்க முடிகிறது என்பது மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பங்குனி, சித்திரை மதிய வெயிலில் நடக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. காலையில் மட்டுமாவது நடக்கலாம். தெருவில் நாலைந்து பிள்ளைகள் இருந்தால் பெற்றோர் முறை வைத்துக் கூட்டிப் போகலாம். தூரம் கூடினால் டவுன் பஸ். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. நடைபாதையில் டிரான்ஸ்பார்மரும் டீக்கடை பெஞ்சும் இருந்தால் நடக்கிறவர் ரோட்டில்தான் இறங்க வேண்டும். அதைச் சரிசெய்ய வார்டு கவுன்சிலரை நச்சரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் போதுமா என்கிறார்கள். புகை போகும், நல்லதுதான். டயர் தேய்மானத் துகளும் ரோட்டுத் தூசியும் அப்படியே இருக்கும், வாசல் நெரிசலும்தான்.

வண்டியில்தான் விட்டாக வேண்டும் என்றால் வாசல்வரை போகாமல் ஒரு தெரு முன்னாலேயே இறக்கி நடத்திக் கூட்டிப் போங்கள். காத்திருக்கும்போது இன்ஜினை அணையுங்கள். பெற்றோர் கூட்டத்தில் வேன் ஓட்டுநர்களுக்கும் இதைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. நடக்க ஆரம்பித்து இழுப்பு குறைந்தது போலத் தெரிந்தால், "பம்பு பழகிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவைக் குறைக்கலாமா என்பதை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.