கோடு போடுமுன் ஒருமுறை மிதித்துப் பாருங்கள்

பொங்கல் முடிந்து நாலாம் நாள், காலை பத்தே முக்கால் இருக்கும். கும்பகோணத்தில் ஒரு விடுதியிலிருந்து போன். "சார், எங்க கெஸ்ட் ரெண்டு பேர் சைக்கிள்ல போனாங்க. ஆத்தங்கரையில வழி தெரியாம நிக்கிறாங்க. அந்தம்மாவுக்குக் கையில அடி போலிருக்கு. நீங்க கொஞ்சம் போய்ப் பாக்க முடியுமா?"

லொகேஷனை வாங்கிக்கொண்டு போனேன். சுவாமிமலைக்கு மேற்கே, காவிரிக் கரையில் ஒரு புளியமரத்தடி. நெதர்லாந்திலிருந்து வந்த தம்பதி, இருவருக்கும் வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அந்த அம்மா இடது மணிக்கட்டை ஈரத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டும், பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரும் எதிர்வீட்டு அக்கா கொடுத்தவை. கணவர் ஒன்றும் பேசாமல் போனை என்னிடம் நீட்டினார். விடுதி வரவேற்பறையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் திறக்கிற சைக்கிள் மேப் அது. அதில் நீலக் கோடு கரையை விட்டு இறங்கி, ஆற்றின் குறுக்கே போய், அக்கரையில் ஏறுகிறது. நிமிர்ந்து பார்த்தால் பாலமும் இல்லை, படகும் இல்லை. இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வேறு வழி தேடித் திரும்பியபோது, ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் சக்கரம் வழுக்கி விழுந்திருக்கிறார். எக்ஸ்ரேயில் மணிக்கட்டில் எலும்பு முறிவு. மூன்று வாரத்துக்குத் திட்டமிட்டு வந்த பயணம் மூன்றாம் நாளோடு முடிந்தது.

கிராமத்து வழிகளில் சைக்கிள் பயணங்களுக்குப் பாதை வகுத்துக் கொடுப்பது என் தொழில். டெல்டாவில் பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். யாரோ போட்ட மேப்பை நம்பி வந்து நடுவழியில் நிற்பவர்களைப் போய் அழைத்து வந்தது இது ஐந்தாவது தடவை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மேப் போட்ட பையனைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நல்ல பையன், ஊர்மேல் ஆசை உள்ளவன். நம்ம ஊருக்கு நாலு பேர் வரட்டும் என்று சம்பளம் வாங்காமல் செய்திருக்கிறான். ஆனால் முன்பு நாலு தடவையும் நான் கேட்ட அதே பதிலைத்தான் அவனும் சொன்னான்: "சார், சாட்டிலைட்ல ரோடு தெளிவாத் தெரியுதே."

தெரியும்தான் தம்பி. அந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்தது? மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 திறந்து, ஜனவரி 28 மூடுவார்கள். மூடியதிலிருந்து மறுபடி திறக்கும் வரை காவிரி பெரும்பாலும் வெறும் மணல். மாட்டு வண்டியும் டிராக்டரும் அப்படியே இறங்கி அக்கரைக்குப் போகும். பத்து நாள் போய்வந்தால் மணலில் தடம் விழுந்துவிடும். மேலிருந்து பார்த்தால் அது மண் ரோடு மாதிரியே இருக்கும். கோடையில் எடுத்த படத்தைப் பார்த்துக் கோடு போட்டு, ஜனவரியில் வருகிறவர் கையில் கொடுத்தால் அவர் ஆற்றுக்குள்தான் இறங்க வேண்டும்.

ஆறு மட்டுமா? வாய்க்கால் கரையெல்லாம் படத்தில் ரோடாகத்தான் தெரியும். நேரில் போனால் முதல் அரை கிலோமீட்டர் அழகாக இருக்கும், அப்புறம் ஓரடி அகல ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் சீமைக்கருவேல முள். தரைப்பாலம் படத்தில் பாலமாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் அது தண்ணீருக்கு அடியில் கிடக்கும். போன மாதம் வழவழவென்று கிடந்த மண் ரோட்டில் செயின் வண்டி, அதாவது சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை மிஷின், ஒருமுறை இறங்கிப் போனால், அடுத்த மழை வரைக்கும் அது உழுத வயல். இது தலைகீழாகவும் நடக்கும். ஊர்க்காரர்கள் தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கிற மூங்கில் பாலம் எந்தப் படத்திலும் இருக்காது. அது தெரிந்தால் நெடுஞ்சாலையில் நாலு கிலோமீட்டர் மிச்சம்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது இணைய மேப்பை நான் குறை சொல்ல மாட்டேன். 2004ல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம். என் வேலையே அதில்தான் நடக்கிறது. ஒவ்வொரு ரோட்டுக்கும் தரை தார், சிமென்ட், கப்பி, மண் இவற்றில் எது என்று குறிப்பதற்கு அதில் இடம் இருக்கிறது. நான் திறந்து பார்க்கும் கிராம ரோடுகளில் பலவற்றுக்கு அந்த இடம் காலியாக இருக்கிறது. காலியாக இருந்தால் வழிகாட்டும் செயலி யூகத்தில்தான் சொல்லும். ஒரு நாள் சைக்கிளில் போய் அந்த இடத்தை நிரப்பினாலே நம்ம ஊருக்குப் பெரிய உபகாரம். கூகுள் மேப்பில் டூவீலர் வழி என்று ஒன்று இருக்கிறதே, 2017ல் முதலில் இந்தியாவுக்கென்று கொண்டுவந்தது, அதைச் சைக்கிளுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மோட்டார் வண்டிக்கான கணக்கு. தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் கொண்டுபோய் விடும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் கணவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எங்களுக்கு முன்னால் இந்த வழியில் யாருமே சைக்கிளில் போனதில்லையா?" கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவர் ஊரில் மேப்பில் இருந்தால் வழி இருக்கும். அங்கே சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடங்களில் எல்லாம் எண் போட்ட கம்பம் நட்டிருப்பார்கள். 23லிருந்து 41, அங்கிருந்து 17 என்று எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டலாம். இந்த ஏற்பாடு முதலில் வந்தது பக்கத்து நாடான பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில், 1995ல். ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளரின் யோசனை. சுரங்கத்துக்குள் பாதைகள் பிரியும் இடங்களுக்கு எண் போட்டிருப்பதைப் பார்த்துப் பழகியவர் அவர். கம்பம் நடுவது ஒரு நாள் வேலை. சாய்ந்ததா, மரம் மறைக்கிறதா, வழி மாறியதா என்று வருடாவருடம் போய்ப் பார்க்க அங்கே ஆள் இருக்கிறார்கள். நம்மிடம் மேப் வெளியிடுகிற விழா இருக்கிறது, மறுவருடம் போய்ப் பார்க்க ஆள் இல்லை.

இப்போது நெல்லுக்கு வருகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வருவார்கள், வெயில் அப்போதுதான் தாங்கும். சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில். இரண்டும் ஒரே ரோட்டில் சந்திக்கின்றன. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மிஷினில் அறுத்த நெல் அதைவிட ஈரமாக வரும். பல ஊர்களில் காயவைக்கப் போதுமான களம் கிடையாது. ஆகவே தார் ரோட்டில் ஒரு பாதியை அடைத்து நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்து, காலால் கோடு கோடாகக் கிளறிவிடுவார்கள். அந்த இரண்டு மாதமும் அது ரோடு கிடையாது, களம். விழுந்த அம்மாவைத் தூக்கிவிட்ட பெரியவர் என்னைப் பார்த்ததும் சொன்னார்: "ஏன் தம்பி, மேப்பு போட்டவங்க எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? தை மாசத்துல இந்தப் பக்கம் வராதீங்கன்னு நானே சொல்லியிருப்பேனே." சிதறிய நெல்லை அவர் மனைவி துடைப்பத்தால் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

நெல்லின் மேல் சைக்கிள் ஓட்டவே கூடாது. சின்னச் சின்ன உருளைகள் மேல் போவது மாதிரி, பிரேக் பிடித்தால் முன்சக்கரம் காலை வாரும். வைக்கோல் அதைவிட மோசம், கியரில் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளுங்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு என்பதற்காகவாவது தள்ளுங்கள்.

நல்ல பாதை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கும்பகோணத்திலிருந்து தாராசுரம், பட்டீஸ்வரம், பழையாறை, அங்கிருந்து திருவலஞ்சுழி, சுவாமிமலை, திரும்பக் கும்பகோணம். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், மேடே கிடையாது. தாராசுரம் கோயில் 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பதால் எல்லோரும் அங்கே போவார்கள். ஆனால் நான் அழைத்துப் போனவர்கள் ஊருக்குப் போய் எழுதும் கடிதத்தில் கோயில் ஒரு வரிதான் வரும். தாராசுரத்துத் தெருவில் காலையில் கேட்ட தறிச் சத்தத்தையும், சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசிய ஸ்தபதியின் விரல்களையும், பட்டீஸ்வரம் தாண்டி ஒரு டீக்கடையில் பாட்டி காசு வாங்க மறுத்ததையும் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். காரில் போனால் இடங்கள்தான் கிடைக்கும், சைக்கிளில்தான் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளிக்காக வருகிறவரைக் கோயில்களைக் கோட்டால் இணைத்து நெடுஞ்சாலையில் அனுப்பாதீர்கள்.

இதே பாதையைக்கூட எந்த நேரத்திலும் போக முடியாது. பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் உச்சி வெயிலில் பூட்டிய கதவு முன்னால் நிற்க வேண்டியதுதான். ஆறு மணிக்குக் கிளம்பினால் கடைசிக் கோயிலைப் பத்தரைக்குள் பார்த்துவிடலாம். சரி, ஆறு மணிக்குக் கிளம்பினால் இன்னொரு சங்கடம் உண்டு. படித்துறைகளில் பெண்கள் குளிக்கிற நேரம் அது. ஆற்றங்கரைப் பாதை அழகுதான், காலையில் அந்தக் கரை அவர்களுக்குச் சொந்தம். நான் போட்ட பாதைகளில் காலைப் பகுதி ஊருக்குள்ளும் வயல் ரோட்டிலும் போகும், எட்டு மணிக்கு மேல்தான் கரையில் ஏறும். இதை எந்தச் செயலியும் சொல்லாது. இடுகாட்டு வழியில் பாதை போட்டிருந்தால் அதையும் வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊர்வலம் வந்தால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது.

சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர்கள் கவனிக்க. நம் கிராமத்துப் பஞ்சர் கடையில் கிடைப்பது சாதா சைக்கிளின் 28க்கு 1½ டியூப். கியர் சைக்கிளின் டியூப் அங்கே இருக்காது. அதில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் கடைக்காரர் பம்பே பொருந்தாது. ஒரு உபரி டியூப், கைப்பம்பு, வால்வு அடாப்டர், இந்த மூன்றும் இல்லாமல் ஒரு வண்டியையும் வெளியே அனுப்பாதீர்கள். கருவேல முள் யாரையும் விடாது.

பாதை போட ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு: முதலில் நீங்களே முழுப் பாதையையும் சைக்கிளில் போங்கள். பைக்கில் போய்ப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள், அது வேறு. மழை முடிந்ததும் ஒருமுறை, அறுவடையில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை போங்கள். போகும்போது போனில் தடத்தைப் பதிவு செய்யுங்கள், திரையில் விரலால் இழுத்த கோட்டை ஜி.பி.எக்ஸ் கோப்பாக (செயலிகள் படிக்கிற வழித்தடக் கோப்பு) மாற்றி யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் போட்டோ எடுங்கள். தண்ணீர் எங்கே, பெண்கள் போகக்கூடிய கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, காலையில் நாய்கள் துரத்தும் தெரு எது என்று எழுதுங்கள். நாய் கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும், எது பக்கம் என்பதும் மேப்பில் இருக்கட்டும். எந்த மாதம் எந்தப் பகுதி ஆகாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கடைசியாக எந்தத் தேதியில் போய்ப் பார்த்தது என்ற வரி இல்லாத மேப்பை வெளியிடவே வேண்டாம்.

யாரைக் கேட்பது என்று தெரியவில்லையா? அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளைக் கேளுங்கள். எந்த ரோட்டில் சகதி, எந்த மதகில் இறங்க வேண்டும், எந்தக் குறுக்கு வழியில் லாரி வராது என்று அவர்கள் சொல்வார்கள். பழையாறைப் பக்கம் நான் இன்றும் போகிற ஒரு வழி, ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் தன் சைக்கிளில் முன்னால் போய்க் காட்டியது.

நேற்று அந்த விடுதிக்குப் போயிருந்தேன். க்யூஆர் கோடு அதே இடத்தில் ஒட்டியிருக்கிறது. ஸ்கேன் செய்து பார்த்தேன். நீலக் கோடு இன்னும் அப்படியே ஆற்றைக் கடக்கிறது. மேப்பைத் திருத்த நாளாகும் என்றார்கள், ஆகட்டும். அதுவரைக்கும் அந்தத் தாளையாவது கிழித்து எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.