மாடலர் வாங்கியாயிற்று, எந்த ஸ்பீக்கரில் கேட்பது?

மாடலர் என்பது கிட்டார் ஆம்ப், ஸ்பீக்கர் ஆகியவற்றின் ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கித் தரும் மின்னணுக் கருவி. அதை வாங்கியவர்கள் எங்களைப் போன்ற ஒலிப்பொறியாளர்களிடம் கொண்டுவரும் குறைகள் பெரும்பாலும் இரண்டுக்குள் அடங்கிவிடும். டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்டவுடன் காதைக் கீறும் இரைச்சல் வருகிறது என்பது ஒன்று. எவ்வளவு ட்ரெபிள் கூட்டினாலும் ஒலி மந்தமாக, மூடிக்கிடப்பதாகவே இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டிலும் பழி மாடலரின் மேல் விழுகிறது. அதை விற்று, விலை கூடிய இன்னொன்றை வாங்கி, அதே குறையோடு திரும்பி வருபவர்களும் உண்டு. உண்மையில் அந்தக் கருவிகளில் கோளாறு இருப்பது அரிது. மாடலருக்குள் ஏற்கெனவே ஒரு ஸ்பீக்கர் கணக்கு வடிவில் இருக்கிறது. வெளியே நாம் இணைப்பது இரண்டாவது ஸ்பீக்கர். இதைப் புரிந்துகொள்ளாமல் பணம் செலவழிப்பதால் வரும் சிக்கலே பெரும்பாலும் நான் பார்ப்பது.

கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் ஸ்பீக்கர் பாட்டுக் கேட்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. செலஸ்டியன் நிறுவனத்தின் விண்டேஜ் 30 போன்ற 12 அங்குல ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் உருப்படியாக ஒலிக்கும். அதற்கு மேல் அதன் ஒலி செங்குத்தாகச் சரிந்துவிடும், மேல் அதிர்வெண்களுக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டரும் கிடையாது. டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கூர்மையான மேல் அதிர்வெண்களை வடிகட்டி, நாம் ராக் கிட்டார் என்று அடையாளம் காணும் தடித்த ஒலியாக்குவது இந்தச் சரிவுதான். மாடலரில் கேபினட் என்றோ ஐஆர் என்றோ குறிக்கப்படும் பகுதி, மைக் வைத்து அளக்கப்பட்ட ஓர் உண்மையான கேபினட்டின், அதாவது கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின், தன்மையைக் கணக்கிட்டு அதே வடிகட்டலைச் செய்கிறது. ஆகவே கேபினட் பகுதியை அணைத்துவிட்டு ஸ்டூடியோ மானிட்டரில் (ஒலிப்பதிவை உள்ளபடி கேட்பதற்கான ஸ்பீக்கரில்) கேட்டால் வடிகட்டப்படாத இரைச்சல் முழுவதும் காதுக்கு வரும். அதை இயக்கத்தில் வைத்தபடியே கிட்டார் ஆம்ப்பின் வழியாகவோ கிட்டார் கேபினட்டின் வழியாகவோ கேட்டால், ஒலி இரண்டு முறை வடிகட்டப்பட்டு மந்தமாகிவிடும். மேலே சொன்ன இரண்டு குறைகளும் இங்கிருந்துதான் பிறக்கின்றன. எதையும் வாங்குவதற்கு முன் மாடலரின் வெளியீட்டு அமைப்பில் கேபினட் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அதன் பிறகுதான் ஸ்பீக்கரைப் பற்றிய கேள்வியே எழுகிறது. தனக்கென்று ஒரு நிறம் இல்லாமல், மாடலர் கொடுப்பதை அப்படியே ஒலிக்கும் ஸ்பீக்கர் வேண்டுமா, அல்லது தன் நிறத்தைத் தானே சேர்க்கும் கிட்டார் கேபினட் வேண்டுமா? முதல் வகையில் ஸ்டூடியோ மானிட்டர்களும், மேடைக்கான எஃப்.ஆர்.எஃப்.ஆர் (எல்லா அதிர்வெண்களையும் கூட்டாமல் குறைக்காமல் ஒலிப்பது) என்று விற்கப்படும் பெட்டிகளும் அடங்கும். இரண்டாம் வகைக்கு ஒரு பவர் ஆம்ப்பும் ஒரு கேபினட்டும் தேவை. இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மானிட்டரில் கேட்பது, கேபினட்டின் முன் மைக் வைத்துப் பதிவு செய்து மெருகேற்றிய ஒலி, அதாவது இசைத்தட்டில் கேட்கும் கிட்டார். அறையில் ஆம்ப் நின்று முழங்கி, அதன் காற்று காலில் படும் அனுபவத்தை எதிர்பார்த்து விலை உயர்ந்த மானிட்டரை வாங்குபவர் எவ்வளவு செலவழித்தாலும் அதைப் பெறப்போவதில்லை. அந்த அனுபவம்தான் வேண்டும் என்பவர், கேபினட் பகுதியை அணைத்துவிட்டு உண்மையான கிட்டார் ஸ்பீக்கருக்குப் போவதே நேர்மையான வழி.

ஆனால் வீட்டுக்கு அந்த வழியை நான் எளிதில் பரிந்துரைப்பதில்லை. விண்டேஜ் 30 ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 100 டெசிபல் அளவுக்கு ஒலிக்கக்கூடியது. நூறு வாட் பவர் ஆம்ப்போடு அதைப் படுக்கையறையில் வைத்தால், குமிழை ஒரு மயிரிழை திருப்புவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அதோடு, 12 அங்குலக் கூம்பிலிருந்து வரும் மேல் அதிர்வெண்கள் டார்ச் வெளிச்சம்போல் நேர்கோட்டில்தான் பாயும். தரையில் வைத்த கேபினட்டை நின்றபடி கேட்பவருக்கு ஒலி இதமாக இருக்கும்போது, எதிரே கட்டிலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது காதைத் துளைப்பதாக இருக்கும். மேடைக்கான எஃப்.ஆர்.எஃப்.ஆர் பெட்டிகளும் ஓரளவு இப்படித்தான்: சில மீட்டர் தள்ளி நிற்பவருக்காக வடிவமைக்கப்பட்ட அவற்றை மேசையில் வைத்து அருகில் கேட்பது சரியான பயன்பாடல்ல. வாரந்தோறும் குழுவோடு வாசிப்பவருக்கு அவை தேவை. வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு ஒரு ஜோடி ஸ்டூடியோ மானிட்டர்களே போதும்.

மானிட்டரில் அடுத்த கேள்வி அளவு. பெரிய வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) சிறந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சாதாரணச் சுருதியில் கிட்டாரின் ஆறாம் தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. யமாஹா எச்எஸ்5 போன்ற ஐந்து அங்குல மானிட்டர் 74 ஹெர்ட்ஸ் வரை குறிப்பிடத்தக்க இழப்பின்றி இறங்குகிறது. ஆறு தந்திக் கிட்டாருக்கு இதற்கு மேல் தேவை இல்லை. ஏழு தந்திக் கிட்டாரின் தாழ்ந்த தந்தி 62 ஹெர்ட்ஸுக்குப் போவதால், அதை வாசிப்பவர் ஏழு அங்குலத்தைப் பற்றி யோசிப்பதில் நியாயம் உண்டு. எட்டு அங்குல மானிட்டரைச் சிறிய அறைக்கு வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஏனென்றால் தாழ்ந்த அதிர்வெண்களை ஆள்வது வூஃபரைவிட அறைதான். சென்னை அடுக்ககங்களில் கிட்டார் வாசிக்கப்படும் அறை பத்தடிக்குப் பத்தடியாகவும், உயரமும் ஏறக்குறைய அதே அளவாகவும் இருப்பது சாதாரணம். சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடிச் சன்னல். ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் என்று கொண்டால், பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரு சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸிலும் அதன் இருமடங்கான 113 ஹெர்ட்ஸிலும் நிலையலைகள் (ஓரிடத்தில் வீங்கியும் மற்றோரிடத்தில் மங்கியும் நிற்கும் ஒலி) எழும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் அதே அதிர்வெண்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவியும். கிட்டாரின் ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்த ஃப்ரெட் 116.5. அறையின் நட்டநடுவில் நாற்காலி போட்டு வாசிப்பவருக்கு இந்தச் சுரங்கள் மட்டும் வீங்கிக் கேட்பதற்கும், அவர் மாடலரில் பேஸைக் குறைத்துக் குறைத்து மற்ற சுரங்களையெல்லாம் மெலியவைப்பதற்கும் இதுவே காரணம். நாற்காலியை இரண்டடி முன்னே நகர்த்துவது, புது ஸ்பீக்கர் வாங்குவதைவிட அதிகப் பலன் தருவதைப் பலர் வீட்டிலும் பார்க்கிறேன்.

மானிட்டரைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கவேண்டும் என்ற அறிவுரையும் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. மானிட்டரின் முகத்துக்கும் அதன் பின்சுவருக்கும் சரியாக ஒரு மீட்டர் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் அருகில் நேரே வரும் ஒலியை எதிர்த்து அழிக்கும். ஆறாம் தந்தி ஒலிப்பது அந்த இடத்தில்தான். சிறிய அறையில் மானிட்டரைச் சுவரை ஒட்டியே வைத்துவிட்டு, அதனால் கூடும் தாழ்ந்த ஒலியைப் பின்புறமுள்ள அறைச் சமன் பொத்தானால் குறைப்பது மேல். எச்எஸ் வரிசையில் இது 2 அல்லது 4 டெசிபல் குறைக்கும்படி அமைந்திருக்கிறது. மூலையில் மட்டும் வைக்கவேண்டாம். ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்கட்டும். இரண்டு மானிட்டர்களும் வாசிப்பவரும் ஒரு மீட்டர் அளவில் சமபக்க முக்கோணமாக அமையட்டும்.

ஒலியளவைப் பற்றியும் சொல்லவேண்டும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு காட்டியபடி, ஒலியளவு குறையக் குறைய நம் காது தாழ்ந்த அதிர்வெண்களைக் கூடுதலாக இழக்கிறது. இரவில் மெல்ல வாசித்தபடி பேஸைக் கூட்டி அமைத்த பேட்ச் (மாடலரில் சேமித்துவைக்கும் ஒலியமைப்பு), ஒத்திகை அறையில் குமுறுவது இதனால்தான். வீட்டுக்கென்று ஓர் ஒலியளவை நிலையாக வைத்துக்கொண்டு, பேட்ச்சுகளை அந்த அளவிலேயே அமைக்கவேண்டும். மேடைக்கு வேறு பேட்ச் வேண்டும். வாட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவும் தேவையில்லை: வாட் இருமடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே, இருமடங்கு உரக்கக் கேட்கப் பத்து மடங்கு வாட் வேண்டும். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியாஷ், 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்றும் வரம்பு வைத்திருக்கிறது. 94 டெசிபலில் அது ஒரு மணி நேரம். ஹெட்ஃபோனுக்கும் இதே கணக்குத்தான்.

வீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். அதன் தாமதம் நூறு மில்லிவிநாடியைத் தாண்டுவது வழக்கம், அது ஆம்ப்பை 34 மீட்டர் தள்ளி வைத்து வாசிப்பதற்குச் சமம். ஹோம் தியேட்டர் செட்டில் சிறிய பெட்டிகளுக்கும் சப்வூஃபருக்கும் இடையிலான பிரிவு கிட்டாரின் தடித்த தந்திகள் ஒலிக்கும் பகுதியிலேயே விழுவதால் ஒலி உடைந்துபோகும். பழைய ஸ்டீரியோ ஆம்ப்பும் நல்ல ஸ்பீக்கர் ஜோடியும் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆம்ப்பைத் திணறவிடாமல். திணறும் ஆம்ப் முதலில் பலிவாங்குவது ட்வீட்டரை.

கடைசியாக மின்சாரம். எலக்ட்ரிக் கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக, இணைத்த கருவியின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. மாடலரையும் மானிட்டரையும் இணைத்ததும் ஹம் வருகிறது என்று மூன்று பின் ப்ளக்கின் எர்த் பின்னை நீக்கிவிடுபவர்கள், மானிட்டரில் மின்கசிவு ஏற்பட்டால் அது தங்கள் விரல்களுக்கு வர வழி செய்துகொள்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவது, வெளியிரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு கேபிள் பயன்படுத்துவது, மாடலரில் ஒலிக் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இருந்தால் அதை அழுத்துவது ஆகியவை பாதுகாப்பான வழிகள். வீட்டின் சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை சோதித்துக்கொள்ளவேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவரும் மானிட்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியதா என்பதையும் செருகுவதற்கு முன் பின்பக்கத்தில் படித்துப் பார்க்கவும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கிட்டாரையும் மாடலரையும் எடுத்துச் செல்லுங்கள். க்ளீன் பேட்ச் ஒன்றும் டிஸ்டார்ஷன் பேட்ச் ஒன்றும் போதும். விற்பனையாளர் தன் பாட்டைப் போட்டுக் காட்டுவதைக் கேட்டு முடிவெடுக்கவேண்டாம். இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது, வீட்டில் வாசிக்கும் அதே மெல்லிய அளவில், இரண்டும் ஒரே ஒலியளவில் இருக்கும்படி கைப்பேசியின் டெசிபல் செயலியை ஒரே இடத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்; கொஞ்சமே உரக்க ஒலிக்கும் ஜோடி, தரத்தில் குறைந்ததாக இருந்தாலும், காதுக்கு மேலானதாகத் தோன்றும்.