இபப்: மின்னூலா, மின்பொதியா?

‘எலக்ட்ரானிக் பப்ளிகேஷன்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை நறுக்கி ஒட்டியதுதான் ‘இபப்’. மின்வாசிப்புச் செயலிகளில் ஏற்றும் கோப்பு வகை ஒன்றின் பெயர். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் இதைக் காட்டிக் கேட்டால், “மின்னூல்தானே டீச்சர்” என்பார்கள். பிடிஎஃபைக் காட்டினாலும் அதே பதில்தான் வரும். சிக்கலே அங்குதான்.

பிடிஎஃப் அச்சுத் தாளை அப்படியே திரைக்குக் கொண்டுவருவது. கைப்பேசியில் திறந்தால் எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு வரி இடமும் வலமும் இழுத்துப் படிக்க வேண்டும். இபப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரை அகலத்துக்குத் தாமே மடங்கிக்கொள்ளும். படக்கதைகளுக்காகப் பக்கம் அசையாத வகையும் உண்டு, ஆனால் பெரும்பாலும் பயன்படுவது வரி மடங்கும் வகைதான். பிடிஎஃப், இபப் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, பள்ளியில் யாராவது “மின்னூல் தயாரித்துக் கொடுங்கள்” என்று கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

இந்த வடிவத்தின் முன்னோடி 1999இல் ‘ஓப்பன் இபுக்’ என்ற பெயரில் வந்தது. 2007இல் அது இபப் என்ற தரமானது. ஒலி, காணொளி, நிரல் எல்லாம் சேர்க்க வழிசெய்த மூன்றாம் பதிப்பு 2011இல் வந்தது. 2017 முதல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதைக் கவனிக்கிறது. 3.3 பதிப்பு 2023இல் வெளியானது.

சொல்லின் வேருக்கு வருவோம். ‘எலக்ட்ரானிக்’ கிரேக்க மொழியில் அம்பர் பிசினைக் குறிக்கும் ‘எலெக்ட்ரான்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அம்பரைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும். நம் ‘மின்’ மின்னலின் மின். மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த சொல், வேலை மட்டும் புதிது. ‘பப்ளிகேஷன்’ பொதுவில் வைப்பது என்ற பொருளுடைய லத்தீன் சொல்லின் வழி வந்தது. ‘வெளியீடு’ அதற்கு நேராகப் பொருந்தும். ‘பதிப்பு’ அச்சுக்கூடத்து வாசனை உள்ள சொல். ஆக, நேர்ப்பொருள் ‘மின்வெளியீடு’. ஆனால் இணையத்தில் வரும் எதையும் அப்படிச் சொல்லலாமே! கோப்பின் தனித்தன்மை அதில் தெரியவில்லை.

அந்தத் தன்மையைப் பார்க்க, கோப்பின் பெயர் இறுதியில் உள்ள ‘இபப்’பை ‘ஜிப்’ (பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் வகை) என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே அத்தியாயங்கள், படங்கள், ஒலிக்கோப்புகள், எழுத்துரு, அலங்காரக் குறிப்புகள் எல்லாம் தனித்தனியாக இருக்கும். இன்ன வகைக் கோப்பு என்று 20 எழுத்துகளில் சொல்லும் ஒரு குட்டிக் கோப்பு முதலில் இருக்கும். அதைச் சுருக்காமல் வைக்க வேண்டும் என்பது விதி. அப்புறம் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களைச் சொல்லும் ‘மேனிஃபெஸ்ட்’ என்ற பட்டியல். தோட்டத்தில் விடியற்காலை பெரட்டில், அதாவது வேலையாட்கள் வரிசையாக நிற்கும் கூட்டத்தில், பேர் கூப்பிடுவது போலத்தான் இது: பட்டியலில் பேர் இருந்து ஆள் இல்லாவிட்டாலும் தப்பு, ஆள் நின்று பேர் இல்லாவிட்டாலும் தப்பு. பட்டியலில் பேர் இருந்து கோப்பு இல்லாவிட்டால் ‘இபப்செக்’ என்ற இலவசச் சோதனைக் கருவி பிடித்துவிடும். எது முன், எது பின் என்ற வாசிப்பு வரிசை தனியாக எழுதப்பட்டிருக்கும். அதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்பைன்’ என்று பெயர். ‘முதுகெலும்பு’ என்று மொழிபெயர்த்து யாரையும் குழப்ப வேண்டாம், ‘வாசிப்பு வரிசை’ போதும்.

இப்படிக் கட்டி மூட்டையாக்கிய பொருளுக்குத் தமிழில் ‘பொதி’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. பொதிசோறு, பொதிமாடு எல்லாம் அதன் சொந்தங்கள். அதனால் கோப்பை ‘மின்பொதி’ என்றும், அதில் படிக்கும் ஆக்கத்தை ‘மின்னூல்’ என்றும் பிரித்துச் சொல்லலாம் என்பது என் கட்சி. ‘இபப்’ என்றே சொன்னாலும் குற்றமில்லை. ‘பரேட்’ தேய்ந்துதானே பெரட்டு ஆனது.

‘இன்டராக்டிவ்’ என்பதற்கு ‘ஊடாடும்’ மிகச் சரியான சொல். ஊடு என்றால் இடை. இடையே புகுந்து பழகுவது ஊடாடுதல். ஊடலோடு சேர்த்துக் கோபித்துக்கொள்ளும் புத்தகம் என்று எண்ணிவிடாதீர்கள். பாட்டி குரலில் கதையைப் பதிந்து, குரல் ஓடும்போது அந்தந்த வரி நிறம் மாறும்படி செய்வது ஊடாடும் மின்னூல். தொட்டால் விடை காட்டும் புதிரும் அப்படித்தான். ஆனால் எல்லாச் செயலியும் நிரலை ஓட்டாது. அதனால் தொடுதிறன் வேலை செய்யாவிட்டாலும் விடை வேறொரு பக்கத்தில் கிடைக்கும்படி வைப்பது நல்லது. ஒலியை இணையத்தில் விட்டுவிட்டு இணைப்பு மட்டும் தரவும் தரம் அனுமதிக்கிறது. இணைய லைன் சரியாகக் கிடைக்காத தோட்டப்புற வீடுகளை நினைத்தால், பொதிக்குள்ளேயே வைத்துவிடுவதே மேல். கோப்பு கொஞ்சம் கனக்கும், பரவாயில்லை.

தமிழுக்கென்று இரண்டு காரியம் உண்டு. பழைய எழுத்துருவில் தட்டிய பாடத்தை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் திரையில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும். கோப்பின் விவரக்குறிப்பில் மொழி தமிழ் என்று பதிய வேண்டும். ஆங்கிலம் என்று விட்டுவிட்டால், உரையை வாசித்துக்காட்டும் கருவி தமிழ்க் குரலைத் தேடாமல் போகலாம்.