சோர்ஸிலிருந்து போட்ட டேட்டாபேஸுக்கு அப்டேட் தானாக வராது

ராணிப்பேட்டை தோல் கம்பெனிகள், வேலூர் லாட்ஜுகள், லேப்கள் என்று சர்வர் பார்க்கப் போகும் இடத்திலெல்லாம் நான் முதலில் கேட்பது, "டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் போஸ்ட்கிரெஸ்ஸை எப்படிப் போட்டாங்க?" பாதி இடங்களில் ஒரே பதில்தான்: "முன்னாடி இருந்த தம்பி போட்டுட்டுப் போனாருங்க."

அந்தத் தம்பி சோர்ஸை (மூல நிரலை) இறக்கி, கம்பைல் செய்து (ஓடும் புரோகிராமாக மாற்றி) போட்டிருந்தால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டமான உபுண்டு ஒழுங்காக அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது; டேட்டாபேஸ் மட்டும் போட்ட அன்றைய வெர்ஷனிலேயே நின்றிருந்தது. மேக் இன்ஸ்டால் கட்டளை கொடுத்துப் போட்டது யூஎஸ்ஆர் லோக்கல் போல்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும். அது அங்கே இருப்பதே உபுண்டுவில் அப்டேட் போடும் ஏபிடிக்குத் தெரியாது. சர்வர் எழும்போது டேட்டாபேஸையும் கிளப்பச் சொல்லும் சர்வீஸ் ஃபைல் எழுதி வைக்காவிட்டால் கரண்ட் போய் வந்தபின் தானாக எழுந்திருக்கவும் செய்யாது.

எனக்கு அதைவிடக் கவலை, வலையில் போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்எல்தான். ரீட்லைன், இசட்லிப் என்ற துணை லைப்ரரிகள் இல்லையென்றால், கம்பைலுக்கு முன் ஓடும் கன்ஃபிகர் பாதியிலேயே நின்று திட்டும். எஸ்எஸ்எல்லுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டாலோ ஒரு வார்த்தை பேசாமல் அது இல்லாமலே கம்பைல் ஆகிவிடும். கிளை அலுவலகத்திலிருந்து நேராக இணைப்பவர்களின் பில், கணக்கு எல்லாம் திறந்தபடியே வலையில் போகும்.

உங்கள் டேட்டாபேஸில் செலக்ட் வெர்ஷன் என்ற கட்டளை கொடுத்துப் பாருங்கள். உபுண்டு பேக்கேஜ் (ஏபிடி வழியாகப் போடும் தயார் தொகுப்பு) என்றால் வெர்ஷன் எண்ணை ஒட்டி அடைப்புக்குறிக்குள் உபுண்டு என்று வரும். சோர்ஸ் என்றால் வெறும் எண்தான். அப்புறம் பிஜி கன்ஃபிக் கட்டளை, கம்பைல் செய்தபோது கொடுத்த ஆப்ஷன்களை அப்படியே காட்டும். சோர்ஸ், பேக்கேஜ் இரண்டும் கலந்து கிடக்கும் சர்வரில் எதனுடைய பிஜி கன்ஃபிக் ஓடுகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் போஸ்ட்கிரெஸ்ஸுக்குத் திருத்த வெளியீடுகள் வரும். பேக்கேஜ் என்றால் ஒரு கட்டளை. சோர்ஸ் என்றால் ஒவ்வொரு முறையும் அதே ஆப்ஷன்களோடு மறுபடி கம்பைல். ஒரு பெரிய வெர்ஷனுக்கு ஆயுள் 5 ஆண்டு. 12-ஆம் வெர்ஷனுக்கு அது 2024 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. "பேக்கேஜில் பழசுதானே கிடைக்கும்?" என்பார்கள். போஸ்ட்கிரெஸ் குழுவே ஏபிடி களஞ்சியம் நடத்துகிறது, புதிய வெர்ஷன் அதில் கிடைக்கும்.

சொந்தமாகத் திருத்தம் சேர்க்க வேண்டும், அல்லது சர்வரில் ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லை என்றால் சோர்ஸ் சரி. கடை பில்லுக்கு அது தேவையே இல்லை.

மாற்றுவதென்றால் பேக்கேஜைப் பக்கத்திலேயே போடுங்கள். பழையது 5432 என்ற போர்ட்டில் (இணைப்பு எண்ணில்) ஓடிக்கொண்டிருந்தால் புதியது அடுத்த போர்ட்டை எடுத்துக்கொள்ளும். பிஜி டம்ப்ஆல் கட்டளையால் பழையதிலிருந்து முழு நகல் எடுத்துப் புதியதில் ஏற்றி, ஒப்பிட்டுப் பார்த்தபின் போர்ட்டை மாற்றுங்கள். பழைய டேட்டா போல்டரை அந்த மாதக் கணக்கு முடியும்வரை அழிக்காதீர்கள்.