எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் ஓட்டம்

"முன்னெல்லாம் ஒரு இடத்துல நிக்க மாட்டா. இப்போ எழுந்து வான்னாலே அலுத்துக்கிறா." பிசியோதெரபிஸ்டான என்னிடம் அம்மாக்கள் அடிக்கடி சொல்வது இது. கூட வந்திருக்கும் மகளுக்குப் பதிமூன்று, பதினான்கு வயதிருக்கும். முட்டிவலி, முதுகுவலி என்று ஏதோ ஒன்றுக்காக வந்திருப்பார்கள். சோம்பேறி, எந்நேரமும் போன் என்ற தீர்ப்பும் கூடவே வரும்.

போனும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே போன் அண்ணன் தம்பி கையிலும் இருக்கிறதே? வளரும் பிள்ளைகள் தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஆடி ஓட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ள பையன்களில் 78 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண்களில் 85 சதவீதம் பேர். பையன்கள் நிலையும் ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. பெண்களுக்கு அதற்கு மேலும் சில தடைகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முட்டிவலி என்று வந்தாள். தொடையிலும் இடுப்பிலும் தசை வலு குறைவு; வேகமாக உயரம் கூடும் வயதில் இது சகஜம். பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும். "பி.டி. பீரியடில் ஓடுவாயா?" என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தாள். அம்மா வெளியே போனதும்தான் பேச்சு வந்தது. ஓடினால் மார்பு வலிக்கிறதாம். அதைவிட, மைதானத்தின் ஓரம் உட்கார்ந்திருக்கும் பையன்கள் சிரிக்கிறார்களாம். துப்பட்டாவை நான்கு இடத்தில் பின் குத்திக்கொண்டு ஓட முடியுமா, நீங்களே சொல்லுங்கள். முட்டிவலி என்று சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்பதால், வலி இல்லாத நாளிலும் அதையே சொல்லியிருக்கிறாள்.

மார்பில் எலும்போ தசையோ கிடையாது. தோலும் மெல்லிய இணைப்புத் திசுக்களும்தான் அதைத் தாங்குகின்றன. ஓடும்போது மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அசையும். பிரிட்டனில் சுமார் 2,000 பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, கிட்டத்தட்ட பாதிப் பேர் இதனால் தங்கள் விளையாட்டு பாதிக்கப்படுவதாகச் சொன்னார்கள். நம் ஊரில் கேட்டால் எத்தனை பேர் வாய் திறப்பார்களோ!

ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா இதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். மார்புக்குக் கீழே வரும் பட்டைதான் முக்கியம்: இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கமாக, கையைத் தூக்கினால் மேலேறாமல் இருக்க வேண்டும். கடைகளில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள் என்பதால் வீட்டிலேயே டேப்பால் அளந்துகொண்டு போங்கள். வளரும் வயது, ஆறு மாதத்துக்கொரு முறை அளவு மாறலாம். ஷூவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் வீடுகளில்கூட இதை வாங்கித் தரத் தோன்றுவதில்லை.

அடுத்தது மாதவிடாய். அந்த நாட்களில் ஓடலாமா? உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக ஓடலாம். மிதமான பயிற்சி பலருக்கு அடிவயிற்று வலியைக் குறைக்கவே செய்கிறது. முடியவில்லையா, நடக்கட்டும், படுக்கட்டும். "ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும்" என்று பாட்டிகள் மட்டும் சொல்லவில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்துக் களைத்து விழுந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்க, 1960 வரை அந்த ஓட்டமே பெண்களுக்கு இல்லாமல் போனது. பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் 1984-இல்தான் வந்தது. கர்ப்பப்பை எங்கும் இறங்கவில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை. மொத்தம் இருபது நிமிடம், வாரத்தில் மூன்று நாள். பக்கத்தில் ஓடும் தோழியிடம் கதை பேச முடிகிற வேகம் போதும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். தோழி கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஓட்டம் பிடிக்கவில்லையா? கோகோ, எறிபந்து, ஸ்கிப்பிங், நடனம் எதுவானாலும் சரி. அதிவேகமாக உயரம் கூடும் காலத்தை ஒட்டிய இரண்டு வருடங்களில் மட்டும், வளர்ந்து முடிந்தபின் இருக்கும் எலும்புத் தாதுச்சத்தில் ஏறத்தாழ கால்வாசி சேர்ந்துவிடுகிறது. அதற்குக் குதிப்பதும் ஓடுவதும் நல்ல தூண்டுதல்.

இரண்டு வேண்டுகோள். வீட்டுப்பாடம் எழுதாததற்கு "கிரவுண்டை மூணு சுத்து சுத்தி வா" என்று தண்டிக்காதீர்கள். தண்டனையாகப் பழகிய ஒன்றை யார் விரும்பிச் செய்வார்கள்? வீட்டில் எடையைப் பற்றிப் பேசாதீர்கள். "ஓடினா இளைச்சுடுவ" என்று கேட்டுக் கேட்டு, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளையும் பார்க்கிறேன். அப்படி மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராமல் போனால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ஓட்டத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். பள்ளியில் வாரா வாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, இல்லை பையின் அடியில் சேர்த்து வைத்திருக்கிறாளா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.