ரெவ்யூ என்பது ‘மீள்பார்வை’ அல்ல

‘ஓர் இசையமைப்பாளரின் பாடல்களைக் கொண்டாடும் மேடை மீள்பார்வை.’ பாட்டும் நடனமும் நடிப்புமாக நடக்கும் ‘ரெவ்யூ’ (revue) என்ற மேடை நிகழ்ச்சியைத்தான் இப்படி மொழிபெயர்த்திருந்தார்கள். இந்த வரியை மூன்றாவது முறையாகப் படித்த அன்றுதான் இதை எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்தேன். முதல் முறை படித்தபோது தட்டச்சுப் பிழை என்று விட்டுவிட்டேன். இரண்டாவது முறை யாரோ அவசரத்தில் செய்த மொழிபெயர்ப்பு என்று நினைத்தேன். மூன்றாவது முறை வந்தால் அது வழக்காகிவிடும் என்று பொருள். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் இதைப் படித்தால் மேடையில் என்ன நடந்தது என்று நினைப்பார்? யாரோ பழைய பாடல்களை எடுத்து வைத்து ஆராய்ந்தார்கள் என்றுதான் நினைப்பார். அங்கே ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை. பாடினார்கள், ஆடினார்கள், நடித்தார்கள்.

‘இசை விமர்சனம்’, ‘மதிப்புரை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. விமர்சனத்தைக் குறிக்கும் ரிவ்யூ (review) வேறு, ரெவ்யூ வேறு. ஒலி நெருக்கமாக இருப்பதால் வந்த குழப்பம் அது. எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்வார்கள். ‘மீள்பார்வை’ அப்படி அல்ல. அதைப் போட்டவர் யோசித்துத்தான் போட்டிருக்கிறார், அதனால்தான் அது நிலைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. பிரெஞ்சு மொழியில் ‘ரெவ்வார்’ என்றால் மறுபடி பார்ப்பது. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ‘ரெவ்யூ’. படை அணிவகுப்பைப் பார்வையிடுவதும் ரெவ்யூ, பருவ இதழும் ரெவ்யூ. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஆண்டு முடியும்போது, அந்த ஆண்டில் நடந்ததையெல்லாம் பாட்டும் கேலியுமாக மேடையேற்றினார்கள், அதுவும் ரெவ்யூ. அங்கிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனது. 1907இல் நியூயார்க்கில் ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற ரெவ்யூத் தொடர் தொடங்கிய காலத்திலேயே, ஆண்டுக் கணக்கைத் திரும்பிப் பார்க்கும் வேலை பெரும்பாலும் பின்னுக்குப் போய்விட்டது. தொடர்கதை இல்லாமல் பாட்டு, நடனம், சிறு நகைச்சுவைக் காட்சிகளை அடுத்தடுத்துக் கோக்கும் மேடை வடிவத்துக்கே ரெவ்யூ என்று பெயர் நின்றுவிட்டது.

‘மீள்பார்வை’க்காரர் இங்கேதான் தவறுகிறார். வேர்ச்சொல்லைத் தோண்டி எடுத்து, அதை அப்படியே தமிழாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். அப்படியானால் பாடியே நடிக்கும் மேல்நாட்டு நாடகமான ஓபராவை என்ன செய்வது? அதன் லத்தீன் வேர் வேலை, உழைப்பு என்ற பொருளில் நிற்கிறது. ஓபரா பார்க்கப் போனேன் என்பதை ‘உழைப்பு பார்க்கப் போனேன்’ என்று எழுதுவோமா? சொனாட்டா என்ற கருவியிசை வடிவத்தின் வேர் ஒலித்தல். எல்லாக் கருவியும் ஒலிக்கத்தான் செய்கிறது. வேர் ஒரு சொல் எங்கே பிறந்தது என்று சொல்லும். இன்று அது எங்கே குடியிருக்கிறது என்று சொல்லாது. மொழிபெயர்ப்பவர் தேடிப் போக வேண்டியது குடியிருக்கும் வீட்டை.

வேரை விட்டுவிட்டுப் பொருளைப் பார்த்தாலும் ‘மீள்பார்வை’ நிற்கவில்லை. அமெரிக்க இசை நாடக இசையமைப்பாளர் ஸ்டீவன் சோண்ட்ஹைமின் பாடல்களைக் கொண்டு 1980இல் நியூயார்க்கில் ‘மேரி மீ எ லிட்டில்’ என்று ஒரு ரெவ்யூ செய்தார்கள். அதில் பெரும்பாலானவை அவருடைய இசை நாடகங்களிலிருந்து மேடையேறும் முன்பே வெட்டி எறியப்பட்ட பாடல்கள். தலைப்புப் பாடலே ‘கம்பெனி’ என்ற இசை நாடகத்திலிருந்து நீக்கப்பட்டதுதான். பார்வையாளர்கள் முதன்முறை பார்க்காததை மீண்டும் பார்ப்பது எப்படி?

ஏற்கெனவே கேட்ட பாடலாக இருந்தாலும் ரெவ்யூவில் அது பழைய பாடலாக இருப்பதில்லை. 1976இல் லண்டன் மெர்மெய்ட் அரங்கில் தொடங்கிய ‘சைட் பை சைட் பை சோண்ட்ஹைம்’ இதற்கு நல்ல சான்று. பாட மூன்று பேர், இடையிடையே பேசிக் கோக்க ஒருவர், இரண்டு பியானோ. அவ்வளவுதான். சோண்ட்ஹைமின் ‘ஃபாலீஸ்’ (1971) என்ற இசை நாடகத்தில் ஒரு மனைவி தன் கணவனைப் பார்த்துப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. உன்னை விட்டுப் போக என்னால் முடியுமா என்று கேட்டுக்கொண்டே, விட்டுப் போனால் எதையெல்லாம் இழக்க மாட்டேன் என்று அடுக்கிக்கொண்டு போவாள். இந்த ரெவ்யூவில் அதை டேவிட் கெர்னன் என்ற ஆண் பாடினார். வரிகளும் மெட்டும் அவையேதான். ஆனால் அவர் யாரிடம் பேசுகிறார், எத்தகைய வாழ்க்கையைப் பேசுகிறார் என்பதெல்லாம் மாறிவிட்டது. கதையிலிருந்து கழற்றிய பாட்டுக்கு வேறு உயிர் வந்துவிடுகிறது. இதைப் போய் ‘மீள்பார்வை’ என்றால் அந்தக் கலையின் மையமே விடுபட்டுப் போகிறது.

இன்னொரு சொல்லும் இதே இடத்தில் நுழைகிறது: ஆங்கிலத்தின் ‘ட்ரிப்யூட்’டுக்கு (tribute) ‘இசை அஞ்சலி’. இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. தமிழில் அஞ்சலி என்று தலைப்பிட்டால் ஆள் இறந்துவிட்டார் என்றுதான் வாசகர் புரிந்துகொள்வார். ‘சைட் பை சைட்’ தொடங்கிய 1976இல் சோண்ட்ஹைமுக்கு வயது 46. அவருடைய ‘ஸ்வீனி டாட்’ இசை நாடகம் அதற்குப் பிறகு, 1979இல்தான் மேடையேறியது. அவர் மறைந்தது 2021இல். உயிரோடு எழுதிக்கொண்டிருந்தவருக்கு நாம் அஞ்சலி செலுத்திவிடுகிறோம். அகராதியில் எதிரே முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டும் பழக்கம் இது. மொழிபெயர்ப்பவர் அந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவில் பத்து நிமிடம் கேட்டிருந்தாலே இப்படி எழுதியிருக்க மாட்டார். சொல்லை மட்டும் பார்த்து, பொருளைப் பார்க்காமல் பெயர்ப்பது இப்போது எல்லாத் துறையிலும் பெருகிவிட்டது. கலைத்துறையில்தான் அதன் கேடு அதிகம், ஏனென்றால் இங்கே வாசகருக்குப் பொருளைக் காட்டுவதே அந்தச் சொல்தான்.

சரி, எது பொருந்தும்?

‘கச்சேரி’ பொருந்தாது. ரெவ்யூவில் பாடுபவர் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பாத்திரமாக மாறுகிறார். ‘கதம்ப நிகழ்ச்சி’ நெருங்கி வருகிறது, ஆனால் அது வெரைட்டி ஷோவுக்குரிய பெயர்: ஒருவர் மாயவித்தை காட்டிவிட்டுப் போவார், அடுத்தவர் பலகுரலில் பேசுவார். ரெவ்யூவில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே குழு, ஒரே திட்டம். நான் சில காலம் ‘பாடற்கோவை’ என்று எழுதிவந்தேன். கோத்தது கோவை என்பது சரியாகவே பட்டது. ஆனால் நம் இலக்கியத்தில் கோவை என்றால் தலைவனும் தலைவியும் முதலில் சந்திப்பது தொடங்கி வரிசையாகக் கதைபோல் நடக்கும் 400 பாடல்கள். அது கதையுள்ள இசை நாடகத்துக்கு நெருக்கம். கதையற்ற ரெவ்யூவுக்கு எதிர்த்திசை.

நமக்கு வேண்டிய சொல் கலம்பகம். திருப்பள்ளியெழுச்சியில் தொண்டரடிப்பொடியாழ்வார் இச்சொல்லைப் பல பூக்கள் கலந்த மாலையைச் சொல்லுமிடத்தில் ஆள்கிறார். பிறகு அது சிற்றிலக்கிய வகை ஒன்றின் பெயராயிற்று. 9ஆம் நூற்றாண்டின் நந்திக் கலம்பகம் நமக்குக் கிடைத்தவற்றில் பழையது. கலம்பகத்துக்கு உறுப்பு பதினெட்டு என்பார்கள். அம்மானையில் பெண்கள் ஆடிக்கொண்டே கேட்டு விடை சொல்வார்கள். களியில் குடிகாரன் பேசுவான். மறத்தில், பெண் கேட்டு ஓலை அனுப்பிய மன்னனை மறவன் ஏசுவான். சித்தில் ரசவாதி தன் வித்தையைப் பீற்றிக்கொள்வான். அடுத்த பாட்டிலேயே ஒருத்தி கடற்கரையில் நின்று இரங்குவாள். குரல் மாறும், யாப்பு மாறும், சிரிப்பும் துயரும் மாறி மாறி வரும், தொடர்கதை கிடையாது. ஆனால் அத்தனையும் ஒரே பாட்டுடைத் தலைவனைச் சுற்றியே வரும். ஓர் இசையமைப்பாளரைக் கொண்டாடும் ரெவ்யூவின் அமைப்பு இதுவேதான்.

ஒரு வேறுபாடு உண்டு. கலம்பகத்தில் புலவர் தலைவனைப் புதிதாகப் பாடுவார். இங்கே தலைவனின் சொந்தப் பாடல்களே அவரைப் பாடுகின்றன. அதற்காகத்தான் ‘பாட்டுக் கலம்பகம்’ என்று முன்னே ஒரு சொல் சேர்க்கிறேன். மேடையையும் சுட்ட வேண்டிய இடத்தில் ‘மேடைப் பாட்டுக் கலம்பகம்’ எனலாம். இது பண்டிதச் சொல், யாருக்கும் புரியாது என்று ஒரு நண்பர் சொன்னார். ‘மீள்பார்வை’ புரிந்ததாகத் தோன்றி, தவறாகப் புரிகிறது. கலம்பகம் தெரியாதவர் நின்று ஒரு நொடி கேட்பார், அருகிலேயே ஒரு வரி விளக்கம் போட்டால் போதும். ரெவ்யூ என்றே எழுதலாம் என்பாரிடமும் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஒற்றை எழுத்து வேறுபாட்டில் அச்சில் அது ரிவ்யூவாகிவிடும் என்பதுதான் கவலை.

நான் படித்த வரியை இப்படித் திருத்திக்கொண்டேன்: ‘ஓர் இசையமைப்பாளரின் பாடல்களைக் கொண்டாடும் மேடைப் பாட்டுக் கலம்பகம்.’