கந்தக ஈராக்சைடு: கந்தகத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வாயு

தீக்குச்சியைப் பெட்டியில் உரசியதும், நெருப்பு நிமிர்வதற்குள் மூக்கில் சுருக்கென்று ஏறுகிறதே ஒரு நெடி, அதுதான் சல்பர் டை ஆக்சைடு. குச்சியின் மருந்துத் தலையில் இருக்கும் கந்தகம் எரியும்போது, ஒரு கந்தக அணுவோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்து இந்த வாயு உண்டாகிறது. இதற்கு நிறமே கிடையாது, அதனால் 'கந்தகப் புகை' என்று எழுதுவது அவ்வளவு சரியில்லை.

தமிழில் கந்தக ஈராக்சைடு என்பதே பொருத்தமான சொல். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் 'இரண்டு' என்பது 'ஈர்' ஆகிவிடும்: ஈராறு, ஈராயிரம். அதே வழியில் ஈராக்சைடு. மூன்று என்றால் மூவாக்சைடு. இவ்வளவு இயல்பாகச் சேரும்போது 'டை'யை ஏன் சுமக்க வேண்டும்? இலங்கையில் ஆக்சைடை ஒட்சைட்டு என்பார்கள், அங்கே கார்பன் டை ஆக்சைடைக் குறிக்கும் காபனீரொட்சைட்டில் இருப்பதும் இதே 'ஈர்'தான்.

சரி, கந்தகம் என்ற சொல் எங்கிருந்து வந்தது? வடமொழியில் கந்தம் என்றால் மணம், சுகந்தம் என்கிறோமே அதே கந்தம். ஆனால் தூய கந்தகக் கட்டியை முகர்ந்து பார்த்தால் பெரிதாக வாசனை எதுவும் வராது, எரித்தால்தான் நெடி கிளம்பும். ஆகவே கந்தகத்துக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததே இந்த வாயுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக்சிஜன் கதை வேறு. கிரேக்க வேர்களைக் கொண்டு 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்ற பொருளில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் வைத்த பெயர் அது. எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கும் என்று நினைத்தார், அது தவறாகிப்போனது. ஆனால் இந்த வாயுவைப் பொறுத்தவரை பெயர் பலித்திருக்கிறது: மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது, எரிச்சல் அதனால்தான். மழையோடு சேர்ந்தால் அமில மழை.

எரிமலைகள் இதைத் தாமாகவே கக்குகின்றன. மனிதர்கள் பங்குக்கு நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள், செம்பு உருக்காலைகள், கப்பல் எண்ணெய். 1952 டிசம்பரில் லண்டனில் நிலக்கரிப் புகையும் பனிமூட்டமும் சேர்ந்து ஐந்து நாள் கவிந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றதே, அதிலும் இந்த வாயுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதே வாயு இல்லாமல் கந்தக அமிலத் தொழிலே இல்லை. அப்புறம் நம் வீட்டுச் சர்க்கரை டப்பா. நம் நாட்டில் பெரும்பாலான ஆலைகளில் கந்தகத்தை உலையில் எரித்து, வருகிற வாயுவைச் சுண்ணாம்பு கலந்த கரும்புச் சாற்றுக்குள் செலுத்துகிறார்கள். சாற்றிலுள்ள அழுக்கு வண்டலாக அடியில் படிகிறது, நிறமும் வெளுக்கிறது. பாகாகக் காய்ச்சிய பிறகு இன்னொரு முறையும் செலுத்துவார்கள். பழுப்புச் சாறு வெள்ளைச் சர்க்கரையாவது இப்படித்தான்.

உலர்பழங்களிலும் இது உண்டு. பொன்னிறக் கிஸ்மிஸ் கறுக்காமல் இருப்பதும், ஆப்ரிகாட் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 220 என்ற எண் இருந்தால் அது கந்தக ஈராக்சைடு, 221 முதல் 228 வரை அதன் உறவுக்கார உப்புகள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இவை இழுப்பைக் கிளப்பிவிடும், வீட்டில் அப்படி யாராவது இருந்தால் வாங்கும்போதே அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.